கல்லறைக்கு எத்தனை வயது?

1985 செப்டம்பர் 1, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. வட அட்லாண்டிக்கில் ‘நார்’ என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. நீண்ட கம்பிவடத்தில் அது இழுத்துச் சென்ற ‘ஆர்கோ’ என்ற கேமரா வண்டி, ஏறக்குறைய 3,800 மீட்டர் ஆழத்தில், நாள்கணக்காக வெறும் சேற்றையே காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் திரையில் உலோகத் துண்டுகள் தெரிந்தன. அவற்றின் பின்னாலேயே வட்டமான ஒரு பாய்லர். தலைமை விஞ்ஞானி ராபர்ட் பல்லார்ட் அப்போது தன் அறையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட வந்தவர் கப்பலின் சமையல்காரர். திரை முன்னால் இருந்த வேறு யாருக்கும் எழுந்து வர மனமில்லை.

பழைய புகைப்படத்தோடு பாய்லரை ஒப்பிட்டார்கள். சந்தேகமே இல்லை, டைட்டானிக்தான். கப்பலே கொண்டாட்டத்தில் கிடந்தது. அப்புறம் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. 1912 ஏப்ரல் 15 அன்று டைட்டானிக் மூழ்கியது அதிகாலை 2.20க்கு. ஏறக்குறைய 1,500 பேர் செத்த இடத்துக்கு நேர் மேலே நின்று கூத்தாடிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. பல்லார்ட் எல்லோரையும் கப்பலின் பின்தளத்துக்கு அழைத்துப் போனார். டைட்டானிக்கைக் கட்டிய ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் நிறுவனத்தின் கொடியை ஏற்றிச் சில நிமிடங்கள் மௌனமாக நின்றார்கள்.

கப்பல் அங்கே 73 ஆண்டுகளாகக் கிடந்தது. அதைக் கல்லறையாக்கியது எது? கீழே செத்தவர்களா, மேலே நின்றவர்களுக்கு வந்த கூச்சமா? பல்லார்ட்டின் வாழ்நாள் வேலை முழுவதும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் பின்தொடர்ந்தது. அவரும் அதற்கு ஒரே பதிலைச் சொல்லிவிடவில்லை.

அவர் 1942இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிடாவில் பிறந்தவர். கடலே இல்லாத ஊர். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில். ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நீமோதான் சிறுவயது நாயகன். எழுத்துகள் குழம்பித் தெரியும் டிஸ்லெக்சியா தனக்கு இருப்பதை முதுமையில்தான் அறிந்துகொண்டார். எதையும் படமாகவே யோசிக்கும் தன் பழக்கத்துக்கு அதுவே காரணம் என்று பிறகு எழுதினார். ஆக, இவர் அடிப்படையில் கண்ணை நம்பிய மனிதர். கடற்படை 1967இல் இவரை மாசசூசெட்ஸின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்துக்கு அனுப்பியது. அங்கே ‘ஆல்வின்’ என்ற மூன்று பேர் அமரும் நீர்மூழ்கி வாகனத்தோடு ஒட்டிக்கொண்டார்.

1977இல் கலாபகஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகளைத் தேடிப் போன குழுவில் அவரும் இருந்தார். போனவர்கள் எல்லோரும் நிலவியலாளர்கள், வேதியியலாளர்கள். அங்கே உயிர் இருக்கும் என்று யாரும் நினைக்காததால் உயிரியலாளர் ஒருவரைக்கூட அழைத்துப் போகவில்லை. கண்டதோ பெரிய பெரிய சிப்பிகளையும், சிவந்த முனையுள்ள குழாய்ப்புழுக்களையும். பிடித்தவற்றைப் பதப்படுத்த மருந்து போதாமல், பனாமாவில் வாங்கிய ரஷ்ய வோட்காவில் போட்டு வைத்தார்கள். சூரிய ஒளியே எட்டாத இருட்டில், பூமியின் வயிற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்ணும் பாக்டீரியாக்களை நம்பி ஒரு முழு உலகம் பிழைத்துக்கொண்டிருந்தது. எல்லா உயிருக்கும் சூரியனே மூலம் என்று பாடப்புத்தகங்களும் பல மதங்களும் சேர்ந்து சொல்லிவந்த செய்திக்கு அங்கே ஒரு விதிவிலக்கு கிடைத்தது. உயிர் முதலில் தோன்றியதே இப்படிப்பட்ட ஊற்றுகளில்தானோ என்ற விவாதம் அங்கிருந்து சூடுபிடித்து இன்றும் ஓடுகிறது.

அறிவுலகக் கணக்கில் டைட்டானிக்கைவிட இது பெரிய கண்டுபிடிப்பு. பல்லார்ட்டும் அப்படித்தான் சொல்லிவந்தார். டைட்டானிக் கிடைத்த செய்தி வந்ததும், இனி உன்னை இதற்காக மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார்கள் என்று அவருடைய அம்மா தொலைபேசியில் வருத்தப்பட்டாராம். அம்மா சொன்னது பலித்தது. உயிரின் தொடக்கத்தைவிடச் சாவு நடந்த இடம்தான் கூட்டத்தை இழுக்கிறது.

டைட்டானிக் தேடலுக்குப் பின்னால் வேறு ஒரு சாவுக் கணக்கும் இருந்தது. 2008 வரை பொதுமக்களுக்குத் தெரியாமல் இருந்த கணக்கு அது. பல்லார்ட்டின் புதிய கேமரா வண்டிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. அவர்களுக்கு டைட்டானிக் மேல் அக்கறை இல்லை. 1963 ஏப்ரலில் 129 பேரோடு மூழ்கிய ‘த்ரெஷர்’, 1968 மே மாதத்தில் 99 பேரோடு மூழ்கிய ‘ஸ்கார்ப்பியன்’ என்ற இரண்டு அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களின் உலைகள் என்ன நிலையில் இருக்கின்றன, ஸ்கார்ப்பியனில் இருந்த அணுகுண்டு டார்ப்பிடோக்கள் என்னவாயின என்பதே அவர்களுடைய கவலை. பனிப்போர்க் காலம், சோவியத்துக்குத் தெரியக் கூடாது. டைட்டானிக் தேடல் வசதியான திரை. முதலில் எங்கள் வேலையை முடி, மிச்சமிருக்கும் நாட்களில் உன் விருப்பப்படி தேடிக்கொள் என்றார்கள். மிஞ்சியது பன்னிரண்டு நாட்கள்.

அந்த இரண்டு நீர்மூழ்கிகளிடமிருந்துதான் பல்லார்ட் பாடம் கற்றார். உடைந்து இறங்கும் கப்பலின் கனமான பாகங்கள் நேரே கீழே போகும். இலேசானவற்றை நீரோட்டம் இழுத்துப் போய் நீண்ட வரிசையாகத் தூவிவிடும். கப்பலைத் தேடுவதைவிட அந்தத் தூவலைத் தேடுவது எளிது. பிரெஞ்சுக் கடலாய்வு நிறுவனமான இஃப்ரெமர் அதே கோடையில் வாரக்கணக்கில் சோனாரால் தேடுபரப்பின் பெரும்பகுதியைத் துழாவியும் கிடைக்காதது, இந்த உத்தியில் சிக்கியது. இஃப்ரெமரின் ழான்-லூயி மிஷேலும் அன்றிரவு ‘நார்’ கப்பலில்தான் இருந்தார். பாய்லர் தெரிந்தபோது காவல்முறை அவருடையது.

அதாவது 228 கடற்படையினர் செத்த விதம், 1,500 பேர் செத்த இடத்துக்கு வழி காட்டியது. முதல் இரண்டு இடங்களில் கேமரா இறங்கலாமா என்று இறந்தவர்களின் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. அரசுக்குக் காரணம் இருந்தது, நியாயமான காரணமும்கூட. அணு உலை கசிந்தால் கடல் பொறுக்காது. ஆனாலும் இறந்தவர்களுக்குக் காட்டும் மரியாதை எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

1986 ஜூலையில் பல்லார்ட் மறுபடி போனார். இந்த முறை ஆல்வினில் இறங்கி டைட்டானிக்கின் தளத்திலேயே அமர்ந்தார். ‘ஜேசன் ஜூனியர்’ என்ற சிறு ரோபோ பெரிய படிக்கட்டு இருந்த பள்ளத்துக்குள் இறங்கிப் படமெடுத்தது. இறந்தவர்களின் நினைவாகக் கப்பலின் பின்பாகத்தில் ஒரு பலகையை வைத்துவிட்டு, ஒரு பொருளைக்கூட எடுக்காமல் திரும்பினார்கள். உடல்கள் எதுவும் இல்லை. சதை முதலில் போய்விட்டது. அவ்வளவு ஆழத்தில் எலும்பின் கால்சியமும் நீரில் கரைந்துவிடும். பதனிட்ட தோலை மட்டும் பாக்டீரியாக்கள் தொடுவதில்லை. எனவே சேற்றில் காலணிகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன, ஓர் உடல் வந்து படிந்த அதே இடைவெளியில். இவைதான் இங்கே நடுகற்கள் என்று பல்லார்ட் நம்பத் தொடங்கியதற்கு அந்தக் காட்சி போதும். பார்க்கலாம், தொடக் கூடாது: இதுவே அவருடைய கொள்கை ஆயிற்று. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 1986இல் டைட்டானிக்கை நினைவிடமாக மதிக்கச் சொல்லும் சட்டம் ஒன்றும் வந்தது.

அடுத்த ஆண்டே அந்தக் கொள்கை உடைந்தது. உடைத்தவர்கள் அந்நியர்களும் அல்ல. இஃப்ரெமரின் ‘நோட்டீல்’ நீர்மூழ்கி, ஒரு தனியார் குழுமத்துக்காக 1987இல் இறங்கிச் சுமார் 1,800 பொருட்களை அள்ளி வந்தது. பின்னர் நடந்த பயணங்களையும் சேர்த்தால் மேலே வந்தவை ஏறக்குறைய 5,500. 1998இல் கப்பலின் பக்கவாட்டுத் தகட்டிலிருந்து 17 டன் எடையுள்ள ஒரு துண்டையே தூக்கினார்கள். பொருட்கள் நகரம் நகரமாகக் கண்காட்சிக்குப் போயின, நுழைவுச்சீட்டோடு. ஏழு வயதில் உயிர்தப்பிய, அப்பாவை அந்தக் கப்பலோடு பறிகொடுத்த ஈவா ஹார்ட் சாகும்வரை இதை எதிர்த்தார்.

இங்கே சட்டம் செய்த வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கடல் மீட்புச் சட்டப்படி மூழ்கிய கப்பலைக் கண்டவருக்கு அந்தக் காரணத்தால் மட்டும் உரிமை பிறப்பதில்லை. இறங்கி மீட்பவருக்கே பிறக்கிறது. 1994இல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகர நீதிமன்றம் மீட்பு உரிமையைப் பொருட்களை அள்ளிய நிறுவனத்துக்குக் கொடுத்தது. மரியாதை காரணமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் கோருவதற்கு எதுவும் இருக்கவில்லை. பக்தியோடு விலகி நிற்பதைச் சட்டம் ஒரு செயலாகவே எண்ணுவதில்லை.

மீட்பாளர்கள் பக்கமும் வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. இரும்பைத் தின்னும் பாக்டீரியாக்கள் கப்பலை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு 2010இல் ‘ஹாலோமோனாஸ் டைட்டானிக்கே’ என்று பெயரே வைத்தார்கள். எடுக்காவிட்டால் எல்லாம் துருவாகும். 2000இல் ஒரு தோல்பையில் வாசனைத் திரவியக் குப்பிகள் கிடைத்தன. மான்செஸ்டரிலிருந்து நியூயார்க்கில் வியாபாரம் பிடிக்கப் போன அடால்ஃப் சால்ஃபெல்ட் என்பவரின் மாதிரிகள். எண்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் வாசனை இருந்தது. சால்ஃபெல்ட் அன்று பிழைத்துக்கொண்டவர். பிழைத்தவரின் பெட்டியும் கல்லறைப் பொருளா?

பல்லார்ட்டும் எல்லா இடத்திலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே ஸ்கெர்க்கி திட்டு என்ற இடத்தில், சுமார் 800 மீட்டர் ஆழத்தில், ரோமானிய வணிகக் கப்பல்களைக் கண்டுபிடித்தார். அங்கே 1989லும் 1997லும் ரோபோவின் கையால் ஆம்ஃபோரா ஜாடிகளை எடுத்தார். 1997இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் மேலே வந்தன. தொல்லியலாளர் அன்னா மெக்கான் உடன் இருந்தார், முறையாகப் பதிவு செய்தார்கள், விற்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் அந்தக் கப்பல்களிலும் மாலுமிகள் இருந்திருப்பார்களே. ரோமின் துறைமுகமான ஆஸ்டியாவில் யாராவது அவர்களுக்காகக் காத்திருந்திருப்பார்களே. டைட்டானிக்கின் கோப்பையைத் தொட்டால் கல்லறைத் திருட்டு, ரோமானிய ஜாடியைத் தொட்டால் தொல்லியல் என்றால், இடையில் எந்த ஆண்டில் ஒன்று மற்றொன்றாகிறது?

யுனெஸ்கோ ஓர் எண்ணைச் சொல்கிறது: 100. நீருக்கடியில் நூறாண்டு கிடந்தவை பண்பாட்டுச் சின்னங்கள் என்பது 2001 உடன்படிக்கையின் விதி. டைட்டானிக் 2012இல் அந்த எல்லையைத் தாண்டியது. சின்னங்களை முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே விட வேண்டும், வணிகம் செய்யக் கூடாது, மனித எச்சங்களுக்கு மரியாதை தர வேண்டும் என்கிறது அது. நல்ல விதிகள். எனினும் நூறு என்பது நிர்வாக வசதிக்கான எண். உண்மையில் ஒரு கல்லறையின் ஆயுள், இறந்தவரைப் பெயர் சொல்லி அழுபவர் உயிரோடு இருக்கும்வரை. ஈவா ஹார்ட் 1996இல் இறந்தார். உயிர்தப்பியவர்களில் கடைசி ஆளான மில்வினா டீன் 2009இல். அதன் பிறகு டைட்டானிக்குக்கு நடப்பது துக்கமா, வரலாற்று ஆர்வமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கடலில் விழுந்த பிணத்துக்கு என்ன கடன் பட்டிருக்கிறோம் என்ற கேள்வி ஏதென்ஸில் ஆறு பேரின் உயிரைக் குடித்தது. கி.மு. 406இல் அர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களையும் மிதந்த பிணங்களையும் புயல் காரணமாகத் தளபதிகள் மீட்காமல் வந்துவிட்டார்கள். வென்று வந்த தளபதிகளில் ஆறு பேரை ஊரே கூடிக் கொன்றது. எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிப்பது சட்ட விரோதம் என்று அன்று அவைப் பொறுப்பில் இருந்தவர்களில் மறுத்து நின்றவர் சாக்ரடீஸ். ஏழு ஆண்டுகள் கழித்து அவரே நஞ்சுக் கோப்பையின் முன் இருந்தபோது, உங்களை எப்படிப் புதைப்பது என்று நண்பர் கிரிட்டோ கேட்கிறார். என்னைப் பிடிக்க முடிந்தால் உன் இஷ்டப்படி புதைத்துக்கொள் என்று சிரிக்கிறார் சாக்ரடீஸ். உடலை அவர் தன் மிச்சமாகவே எண்ணவில்லை. அந்த ஊராரோ உடலுக்காகக் கொலையும் செய்யத் தயாராக இருந்தார்கள். இரண்டும் ஒரே நகரத்தின் ஒரே தலைமுறை.

சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, கடலடியில் ஒரு கல்லறை என்ற எண்ணமே சற்று விநோதமாகப் படலாம். கிறித்தவ மரபு உடலோடு கூடிய உயிர்த்தெழுதலை எதிர்பார்ப்பது. ஆனாலும் கடலில் இடப்பட்டவர்களும் ஒருநாள் எழுவார்கள் என்று நம்பி, ஆங்கிலத் திருச்சபை கடல் அடக்கத்துக்கென்று தனிச் சடங்கையே வைத்திருந்தது. 1912இல் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து பிணங்களைத் தேடப் போன ‘மக்கே-பென்னட்’ கப்பலில் பாதிரியார் ஒருவரும் இருந்தார். 306 உடல்கள் கிடைத்தன. பதனிடும் மருந்து போதவில்லை. 116 பேரைச் சடங்கு செய்து மறுபடி கடலிலேயே விட்டார்கள். முதல் வகுப்புப் பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். சொத்துத் தகராறுக்கு உடல் தேவைப்படலாம் என்பது கேப்டன் சொன்ன காரணம். கடலுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் கப்பல் ஊழியர்களும் மூன்றாம் வகுப்பு ஏழைகளும். கடவுள் முன் எல்லோரும் சமம் என்று ஓதிய அதே தளத்தில்தான் இந்தப் பிரிவினையும் நடந்தது.

பல்லார்ட்டின் பிற்காலத் தேடல்களில் மற்றொரு போக்கு தெரிகிறது. 1989 ஜூனில், 2,000க்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களோடு மூழ்கிய ‘பிஸ்மார்க்’ போர்க்கப்பலைக் கண்டுபிடித்தார், இடத்தைச் சொல்லவில்லை. (பின்னால் வேறு குழுக்களும் இறங்கத்தான் செய்தன.) அந்தத் தேடலில் உடன் இருந்த அவருடைய மகன் அதே கோடையில் கார் விபத்தில் இறந்துபோனான். 1998இல் மிட்வே போரில் மூழ்கிய ‘யார்க்டவுன்’ விமானந்தாங்கியை 5,000 மீட்டருக்கும் கீழே கண்டபோது, அந்தப் போரில் மோதிய அமெரிக்க, ஜப்பானிய முதியவர்களைத் தம் கப்பலிலேயே அழைத்துப் போயிருந்தார். பார்ப்பதற்கு உரிமை உள்ளவர்கள் உடன் இருக்கும்போது பார்ப்பதன் தன்மையே மாறிவிடுகிறது. த்ரெஷரின் மேல் யாருக்கும் தெரியாமல் கேமராவை இறக்கியதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம்.

கருங்கடல் பயணம் தனிக்கதை. நோவாவின் பிரளயத்துக்கு அடிப்படை இங்கே நடந்த வெள்ளமோ என்று வில்லியம் ரயன், வால்டர் பிட்மன் என்ற இரு நிலவியலாளர்கள் 1997இல் முன்வைத்த கருதுகோளைப் பின்தொடர்ந்து 1999இல் போனார். சுமார் 150 மீட்டர் ஆழத்தில் பழைய கரையோரமும் நன்னீர்ச் சிப்பிகளும் கிடைத்தன. வேதத்தை மெய்ப்பித்துவிட்டார் என்று ஒரு சாரார் கொண்டாடினார்கள். வெள்ளம் அவ்வளவு திடீரென்று வரவில்லை என்று விஞ்ஞானிகளில் ஒரு சாரார் மறுத்தார்கள். சிப்பியால் நிரூபிக்கக்கூடிய நம்பிக்கைக்குப் பெயர் நம்பிக்கைதானா என்று இரு தரப்பும் கேட்டிருக்கலாம்.

டைட்டானிக்குக்குத் திரும்பினால், அடுத்த சண்டை ஓர் இயந்திரத்தின் மேல் நின்றது. அன்றிரவு உதவி கேட்டுத் துடித்த மார்க்கோனி தந்திக் கருவி அது. பிழைத்த ஏறக்குறைய 700 பேரும் அதற்குக் கடன்பட்டவர்கள். கூரையை அறுத்து அதை எடுக்க 2020இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு அனுமதி தந்தது. அமெரிக்க அரசு எதிர்த்தது, உள்ளே மனித எச்சங்கள் இருக்கலாம் என்று. ஏறக்குறைய 200 முறை இறங்கியும் யாரும் ஓர் எலும்பைக்கூடப் பார்த்ததில்லையே என்றது நிறுவனம். 2023இல் டைட்டானிக்கைப் பார்க்க இறங்கிய ‘டைட்டன்’ என்ற சுற்றுலா நீர்மூழ்கி நொறுங்கி ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான பால்-ஆன்றி நார்ஜோலே, 1987 முதல் அந்தக் கப்பலில் இறங்கிவந்தவர், அதே நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர். அவர்களுடையவை என்று கருதப்பட்ட எச்சங்களைக் கடலோரக் காவல்படை மேலே கொண்டுவந்தது. அது முறையல்ல என்று ஒருவரும் சொல்லவில்லை. நார்ஜோலேயின் மறைவுக்குப் பின் நிறுவனம் கருவியை எடுக்கும் திட்டத்தை நிறுத்தியது. 2024இல் போனபோது படங்கள் மட்டும் எடுத்து வந்தது, பல்லார்ட் 1986இல் செய்ததைப் போலவே.

எலும்பு இல்லை, எனவே கல்லறை இல்லை என்ற நிறுவனத்தின் வாதம் நீதிமன்றத்தில் எடுபடலாம். ஆனால் அதை ஏற்றால், மக்கே-பென்னட்டின் பாதிரியார் சடங்கு சொல்லிக் கடலில் விட்ட 116 பேரும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். அவர்களுடைய எலும்பும் கரைந்திருக்கும். அவர்களுக்குக் காலணிகூட எந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரியாது; அங்கே யாரும் கேமராவோடு இறங்கியதும் இல்லை.